மாத்திரையும் ஒரு தடுப்பரண்

திருத்தணியில் எச்.ஐ.வி. குறித்துப் பேச்செடுத்தால், என்னிடம் முதலில் வரும் கேள்வி மொட்டையடிக்கும் கத்தியைப் பற்றியதாகவே இருக்கிறது. முருகனுக்கு முடிக்காணிக்கை செலுத்த ஆண்டு முழுவதும் பக்தர்கள் வந்துகொண்டிருக்கும் ஊரில் அந்தக் கேள்வி இயல்பானதே. ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு என்பது கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறைதான். ஆனால், அதற்கு முதன்மையான காரணம் ரத்தத்தின் வழியே எளிதில் பரவும் ஹெபடைடிஸ் பி, சி ஆகிய கல்லீரல் தொற்றுகள். எச்.ஐ.வி., உடலுக்கு வெளியே விரைவில் வலுவிழந்துவிடும் கிருமி. சவரத்தால் அது தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பலர் பகிர்ந்துகொள்ளும் ஊசி, சிகிச்சை பெறாத தாயிடமிருந்து சேய் என அது பரவும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்த வழிகளைப் பற்றி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். ‘புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று சுவர்கள் கேட்ட காலத்தை நடுத்தர வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்கு உரக்கச் சொல்லப்படாத செய்தி ஒன்று உண்டு. நாள்தோறும் தவறாமல் மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலையை எட்டி, அதைத் தக்கவைத்துக்கொள்ளும் ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாக மற்றவருக்கு எச்.ஐ.வி. பரவுவதில்லை.

இதை நிறுவியதில் சென்னைக்கும் பங்குண்டு. கணவன், மனைவி போன்ற இணையரில் ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணையரை 9 நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் சென்னையிலும் புணேவிலும் நடைபெற்றது. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால், இணையருக்குத் தொற்று பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அந்த ஆய்வு அறிவித்தது. சிகிச்சை என்பதே தடுப்பும்கூட என்ற கொள்கை அதன்பிறகுதான் உலகெங்கும் வேரூன்றியது.

நாட்டின் முதல் தொற்றுகள் கண்டறியப்பட்டதும் சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகளைத் திரட்டினார். சோதனை வசதி வேலூரில் இருந்ததால், பனிக்கட்டிப் பெட்டியில் அவற்றை வைத்து, காட்பாடிக்கு ரயிலில் கொண்டுசென்றார். திருத்தணிக்குப் பக்கத்திலுள்ள அரக்கோணத்தைக் கடந்து செல்லும் பாதை அது. 6 மாதிரிகளில் தொற்று இருந்தது. அன்று அந்தப் பெண்களுக்குக் கொடுக்க மருந்து என்று எதுவும் இல்லை. 2004 ஏப்ரலில் அரசின் இலவச கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியபோது, நாட்டின் முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் இருந்தது. தொற்று உறுதியானதுமே சிகிச்சை என்ற நிலை 2017-இல் வந்தது. இப்போது பெரும்பாலானோருக்கு மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒரு முறை, இலவசமாக.

இருந்தும், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023-இல் மட்டும் சுமார் 68 ஆயிரம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டிருக்கிறது. தொற்றுடன் வாழ்வோர் 25 லட்சத்துக்கும் மேல். மாத்திரை இருக்கிறது. அது போய்ச் சேராத, இடையில் நின்றுபோகிற இடங்கள்தாம் சிக்கல்.

திருத்தணி போன்ற சிற்றூரில் அந்த இடம் எதுவென்று ஊகிப்பது கடினமன்று. அரசு மருத்துவமனைக்கு நடந்து சென்றால் எதிரே வருபவர் உறவினராகவோ, தறிக்கூடத்து நண்பராகவோ இருப்பார். பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உரிய அறைக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். அதன் வாசலில் நிற்பதைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்பதே பலரின் தயக்கம். அதனால், அடையாளம் தெரியாத தொலைவூர் மையத்தை நாடுகிறார்கள். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி. பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் பகுதிகளில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் எத்தனை மாதம் அப்படிப் போய்வர முடியும்? மாத்திரை விட்டுப்போனால் கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறவும் கூடும்.

எல்லையும் ஒரு காரணம். 1960 வரை ஆந்திரத்தில் இருந்த ஊர் இது. இன்றும் நகரி, புத்தூரோடு தொழிலும் திருமண உறவும் பின்னிக்கிடக்கின்றன. வயதுவந்தோரிடையே தொற்றின் விகிதம் தமிழ்நாட்டில் தேசிய சராசரியை ஒட்டியும், ஆந்திரத்தில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்காகவும் உள்ளது. இதைச் சொன்னதும் எல்லைக்கு அப்பாலிருந்து வருபவரை ஐயத்தோடு பார்க்கத் தொடங்கினால், அவர் பரிசோதனைக்கே வரமாட்டார். வேலைக்காக இடம்பெயர்பவர் தம் சிகிச்சையை ஒரு மாநிலத்து மையத்திலிருந்து இன்னொரு மாநிலத்து மையத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்தத் தகவலைத் தெலுங்கிலும் தமிழிலும் அவர் காதில் போடுவதே பயன் தரும்.

அவமானம் உயிரையும் பறிக்கும். 2018 டிசம்பரில் சாத்தூரில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் செலுத்தப்பட்ட கொடுமையை நாடே பேசியது. தம் தொற்றை அறிந்து, தாமே முன்வந்து ரத்த வங்கிக்குத் தெரிவித்தவர் அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞர். அவர் அடுத்த சில நாள்களில் உயிரை மாய்த்துக்கொண்டதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவரின் ஒப்புதலின்றிப் பரிசோதிப்பதையும் அவரது நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. வேலை, கல்வி, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. தொற்றுள்ளோர் மீது வெறுப்பைத் தூண்டினால் 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தை அறிந்தவர்கள் வழக்குரைஞர்களிடையேகூடக் குறைவு என்பது என் அனுபவம்.

ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 இரவின் படித்திருவிழாவுக்கும் லட்சக்கணக்கானோர் மலையேறுகிறார்கள். பேருந்து நிலையத்திலும் படிக்கட்டின் அடிவாரத்திலும் இரு மொழிகளில் ஒரு பலகை வைக்கலாம். அதில் அச்சுறுத்தும் மண்டையோட்டுப் படம் வேண்டாம். மருந்தை ஒழுங்காக எடுப்பவரிடமிருந்து தொற்று பரவாது என்ற ஒரு வரியும், 1097 என்ற இலவச உதவி எண்ணும் போதும்.