கொதிக்கும் சாம்பாரும் கேரி பேக்கும்

பார்சல் வாங்கும்போது "சட்னி தனியா கட்டிட்டீங்களா?" என்று மறக்காமல் கேட்கிறோம். கொதிக்கும் சாம்பாரை எதில் ஊற்றிக் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் கண்டுகொள்வதில்லை. பிளாஸ்டிக் பற்றிய கவலைகளில் நான் முதலிடம் கொடுப்பது இந்தச் சூட்டுக்குத்தான்.

கவரிலிருந்து குழம்புக்கு

கவர் வளையவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியவும், நிறம் பெறவும் பாலித்தீனோடு வேறு வேதிப்பொருட்களைச் சேர்க்கிறார்கள். இவற்றில் பல, பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்து இருப்பதில்லை. சூடும் எண்ணெயும் பட்டால் உணவுக்குள் இறங்கும். நேரம் கூடக்கூட அளவும் கூடும். துவரம்பருப்பு பாக்கெட்டையும் எண்ணெய் மிதக்கும் சால்னா கவரையும் ஒரே பயத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

உணவு தொடும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவில் மொத்தம் 60 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் இறங்கக்கூடாது என்பது இந்திய விதி. சாயம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினாலும் குற்றமே. முறையாகத் தயாரித்த பொருளுக்கு இது பொருந்தும். தெருமுனைக் கடையின் பெயரில்லாத கலர் கவரை யார் சோதித்தார்கள்?

பிபிஏ வழக்கு

பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. கெட்டியான பாலிகார்பனேட் பாத்திரங்களிலும் உணவு டின்களின் உட்பூச்சிலும் இருப்பது. உடலில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல் நடந்துகொள்ளக்கூடியது. 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதன் அன்றாட வரம்பை ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 நானோகிராம் என்று இறக்கியது. முந்தைய வரம்பில் இது 20,000-இல் ஒரு பங்கு. அதே ஆண்டு ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 200 நானோகிராம் போதும் என்றது. நிபுணர்களுக்குள்ளேயே ஆயிரம் மடங்கு வேறுபாடு! ஐரோப்பிய ஒன்றியம் காத்திருக்கவில்லை. உணவு தொடும் பொருட்களில் பிபிஏ-வுக்கான தடை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, மாறிக்கொள்ள நிறுவனங்களுக்கு அவகாசத்தோடு.

"பிபிஏ இல்லாதது" என்ற ஒட்டுச்சீட்டை மட்டும் நம்பி விலை கூடக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாகச் சில பொருட்களில் சேர்க்கப்பட்ட பிபிஎஸ், அதே குடும்பத்தைச் சேர்ந்தது; அதன் மீதும் சந்தேகம் எழுந்திருக்கிறது.

பேப்பர் கப் மட்டும் யோக்கியமா?

டீ ஊறிப் போகாமலிருக்க பேப்பர் கப்பின் உள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. கரக்பூர் ஐஐடி ஆய்வில், 100 மில்லி சூடான நீர் 15 நிமிடம் இருந்த கப்பிலிருந்து சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கின. அவை உடலில் என்ன செய்யும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் கேரி பேக்கும் தடைப் பட்டியலில் இருக்கின்றன. டீக்கடைக்குப் போனால் அப்படித் தெரியவில்லை.

என்ன செய்யலாம்?

தூக்குவாளியோ டிபன் கேரியரோ கொண்டுபோனால் பெரும்பாலான கடைகளில் ஊற்றித் தருகிறார்கள். கவரில்தான் கிடைத்ததென்றால் வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கவரோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்க வேண்டாம். ஹோட்டல் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதைத்தான் சொல்கிறது. சூடு தாங்குமா என்பதற்கு அது உத்தரவாதமில்லை. கீறல் விழுந்து மங்கிய டப்பாக்களை ஊறுகாய்க்குக்கூட வைக்காதீர்கள். ஊறுகாயில் எண்ணெய், புளிப்பு இரண்டும் உண்டு, மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். கிளிப்பும் ஊசிநூலும் போட்டு வைத்துக்கொள்ளலாம்.