வீட்டில் செய்யும் ஆம்ப்ளிபயரில் ஹம்மிங்கைக் குறைக்கும் ஒயரிங்

ஹம்மிங் என்பது பாட்டு ஓடாத வேளையிலும் ஒலிபெருக்கியில் விடாமல் கேட்கும் தாழ்ந்த ஓசை. கையால் அமைக்கப்படும் ஆம்ப்ளிபயர்களில் இது பரவலான குறை. பலர் முதலில் பில்டர் மின்தேக்கியைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அது ஓரளவுக்கே உதவும். மின்தேக்கியை நிரப்பும் மின்னோட்டத் துடிப்புகள் மேலும் கூர்மையாவதால் சில வேளைகளில் ஓசை கூடவும் செய்யும். பாகங்கள் அனைத்தும் நன்றாக இருந்தும் ஓசை நின்றபாடில்லை என்றால், ஒயர்கள் செல்லும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

ஓசையை வைத்தே இடத்தை ஊகிக்கலாம். இந்தியாவில் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தாலும் எர்த் வளையத்தாலும் வருவது பெரும்பாலும் அதே 50 ஹெர்ட்ஸ் ஓசை. பிரிட்ஜ் ரெக்டிபயர் ஒரு சுற்றுக்கு இருமுறை மின்தேக்கியை நிரப்புவதால், அங்கிருந்து கலப்பது 100 ஹெர்ட்சும் அதன் மடங்குகளும். கேட்கக் கரகரப்பாக இருக்கும். வால்யூமை முழுதும் குறைத்தும் ஓசை மாறாவிட்டால், அது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிந்தைய பகுதியில் நுழைகிறது.

கிரவுண்ட் ஒயர்

வரைபடத்தில் கிரவுண்ட் ஒரே புள்ளி. உண்மையில் அது மின்தடையுள்ள செம்பு. 1 சதுர மி.மீ. செம்பு ஒயரின் 10 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 1.7 மில்லிஓம் தடை உண்டு. ரெக்டிபயரின் எதிர்முனையை மின்தேக்கியோடு இணைக்கும் ஒயர் இதுவே என்றும், அதில் 1 ஆம்பியர் துடிப்பு பாய்கிறது என்றும் கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையே 1.7 மில்லிவோல்ட் தோன்றும். உள்ளீட்டின் கிரவுண்டை ரெக்டிபயர் முனையிலும் ஐ.சி.யின் கிரவுண்டை மின்தேக்கி முனையிலும் பற்றவைத்தால், அந்த 1.7 மில்லிவோல்ட்டையும் ஆம்ப்ளிபயர் பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். 30 மடங்கு பெருக்கத்தில் அது 51 மில்லிவோல்ட். இரவின் அமைதியில் தெளிவாகக் கேட்க இது போதும்.

ஆகவே ரெக்டிபயரின் எதிர்முனை ஒயர் மின்தேக்கியோடு நின்றுவிட வேண்டும். மின்தேக்கியின் எதிர்முனையிலிருந்து குட்டையான, தடித்த ஒயர் ஒன்று தனியே ஒரு புள்ளிக்குச் செல்ல வேண்டும். ஒலிபெருக்கியின் திரும்பு ஒயர், ஐ.சி.யின் கிரவுண்ட், உள்ளீட்டுக் கிரவுண்ட் ஆகியவை அங்கிருந்து தனித்தனியாகப் பிரியும். இதுவே நட்சத்திரக் கிரவுண்ட். மின்தேக்கி முனையையே நட்சத்திரப் புள்ளியாக்குவது பலர் செய்யும் குறுக்குவழி. துடிப்புகள் பாயும் இடம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

மாறுமின்னோட்டம் செல்லும் இணை ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கினால் அவற்றின் காந்தப்புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். வால்வு ஆம்ப்ளிபயரில் 6.3 வோல்ட் ஹீட்டர் ஒயர்களுக்கு இது கட்டாயம். உள்ளீட்டுக்கு ஷீல்டு ஒயர் வேண்டும். அது டிரான்ஸ்பார்மரை விட்டு விலகிச் செல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மரை இறுக்கும் முன் மெல்லத் திருப்பிப் பார்த்து, ஓசை குறையும் நிலையில் பொருத்தலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

எர்த் வளையம்

ஆம்ப்ளிபயரும் கணினியும் தனித்தனியே எர்த் செய்யப்பட்டிருந்தால், சிக்னல் ஒயரின் ஷீல்டு வழியாக ஒரு வளையம் உருவாகும். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றினால் ஓசை நின்றுவிடும் என்பதால் சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். டிரான்ஸ்பார்மரின் காப்பு பழுதாகி 230 வோல்ட் உலோகப் பெட்டியில் ஏறினால், தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. பெட்டியை எர்த்தோடு நேரடியாக இணைத்தே வைக்க வேண்டும். உள்ளீட்டு சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாதபடி பொருத்தி, நட்சத்திரப் புள்ளிக்கும் பெட்டிக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டரையும், அதற்கு இணையாக எதிரெதிர்த் திசையில் இரு வலுவான டையோடுகளையும் வைக்கலாம். வளையத்தின் சிறு மின்னோட்டத்தை ரெசிஸ்டர் அடக்கும். பழுது நேர்ந்தால் பெருமின்னோட்டம் டையோடுகள் வழியே எர்த்துக்குப் பாய்ந்து பியூஸ் எரியும்.