கம்பெனியோட 2 சதவீதம் ஒரு சின்ன டிரஸ்ட்டுக்கு எப்படிப் போய்ச் சேருது?

ஆபீஸ் டவுன்ஹால்ல "நம்ம ஃபவுண்டேஷன் இந்த வருஷம் இத்தனை பள்ளிக்கூடத்துக்கு உதவி பண்ணுச்சு"ன்னு ஒரு ஸ்லைடு போடுவாங்க. நாமளும் கைதட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். அந்தப் பணம் எங்கிருந்து வருது, யார் கைக்குப் போகுது? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

முதல்ல சட்டம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில இருக்கு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. முந்தைய நிதியாண்டுல இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலே அந்தக் கம்பெனி சிஎஸ்ஆர் வளையத்துக்குள்ள வந்துடும். முந்தைய மூணு வருஷ சராசரி லாபத்துல 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும். சராசரி 10 கோடின்னா, 20 லட்சம். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பண்ற செலவும், கட்சி நன்கொடையும் இந்தக் கணக்குல சேராது.

கம்பெனி இதை நேரடியா செய்யலாம், சொந்த ஃபவுண்டேஷன் வழியா செய்யலாம், வெளியில இருக்கிற டிரஸ்ட் மூலமாவும் செய்யலாம். ஆனா வெளி அமைப்புக்கு மூணு வருஷ அனுபவம் வேணும். வருமான வரியில 12ஏ, 80ஜி பதிவு வேணும். 2021 ஏப்ரல்ல இருந்து சிஎஸ்ஆர்-1 படிவமும் கட்டாயம். கம்பெனியே ஆரம்பிச்ச ஃபவுண்டேஷனுக்கு அந்த மூணு வருஷ நிபந்தனை கிடையாது.

இங்கதான் சிக்கல். ஒரு கிராமத்துல ரெண்டு டீச்சர் வச்சு மாலை வகுப்பு நடத்துற டிரஸ்ட்டை யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்குப் பாடம் நடத்தத் தெரியும். ஆடிட் ரிப்போர்ட் தயாரிக்க ஆள் இருக்காது. பேப்பர் இல்லேன்னா பணமும் இல்ல. விதிகள் போலி அமைப்புகளைத் தடுக்கத்தான் வந்துச்சு. ஆனா அதே கதவு உண்மையா வேலை செய்யற சின்னவங்களுக்கும் மூடிக்குது.

இன்னொண்ணு. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. அது கம்பெனி தன்னோட சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குப் பண்ற செலவுக்கான வரம்பு. வகுப்பு எடுக்கிற டீச்சர் சம்பளம் திட்டத்தோட நேரடிச் செலவு, அது இதுல வராது. இதைக் குழப்பிக்கிட்டா நோட்டுப் புத்தகம் வந்து இறங்கும், பாடம் நடத்த ஆள் இருக்காது.

நல்ல ஃபவுண்டேஷன் என்ன செய்யும்? ஒரு வருஷத்தோட கையைக் கழுவாது. தொடர் திட்டம்னு அறிவிச்சா, தொடங்கின வருஷத்தைத் தாண்டி இன்னும் மூணு வருஷம் வரைக்கும் நடத்த சட்டமே இடம் கொடுக்குது. அந்த நிதியாண்டுல செலவாகாத பணத்தை, ஆண்டு முடிஞ்ச 30 நாளுக்குள்ள தனி வங்கிக் கணக்குல போட்டு வைக்கணும், அவ்வளவுதான். அப்போ மார்ச் மாசம் அவசர அவசரமா செக் எழுத வேண்டியதில்ல. டிரஸ்ட்டும் "அடுத்த வருஷம் டீச்சர் இருப்பாங்களா?"ன்னு பயப்பட வேண்டியதில்ல.

சரி, நாம என்ன பண்ணலாம்? சனிக்கிழமை வாலண்டியரிங் போனா நல்லதுதான். ஆனா அந்த மணி நேரத்தைக் காசாக்கி 2 சதவீதத்துல காட்ட முடியாது. அதைவிட, உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன டிரஸ்ட்டுக்குக் கணக்கை ஒழுங்குபடுத்தவும், படிவம் நிரப்பவும் உதவுங்க. அடுத்த டவுன்ஹால்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இந்தத் திட்டம் எத்தனை வருஷத்துக்கு?"

பதில் என்ன வந்துச்சுன்னு நமக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!