மகளுக்குத் தேள் வேண்டுமாம்!

தேள் என்றால் துடைப்பத்தைத் தேடி ஓடுகிற வீடு எங்களுடையது. படாளத்தில் சுற்றிலும் கரும்பும் நெல்லும்தான். மழை பிடித்துவிட்டால், விறகை இழுத்தாலும் துணி துவைக்கும் கல்லைப் புரட்டினாலும் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் ஒரு நாள் காலையில் வந்து, "அம்மா, நான் கையில தேள் குத்திக்கப் போறேன்" என்கிறாள்!

தோட்டத்தில் இருந்த என் மாமியார் காதில் பாதிதான் விழுந்தது. "ஐயோ, எங்கேடி கொட்டிச்சு?" என்று ஓடி வந்தார்.

கொட்டவில்லை, பச்சை குத்திக்கொள்ளப் போகிறாளாம் என்று விளக்கினேன். மகளுக்கு இருபது வயது, விருச்சிக ராசி. "அதனால தேள்தான் வேணும்" என்று ஒரே பிடிவாதம். "கல்யாணத்துக்கு இருக்கிற பெண் கையில் தேளாவது, நண்டாவது!" என்று நான் ஆரம்பித்தபோது, மாமியார் பேசாமல் தன் இடது கையைத் திருப்பிக் காட்டினார்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிற கைதான். முழங்கைக்குக் கீழே சின்னதாக ஒரு கோலம், அதன் பக்கத்தில் ஒரு தேள். கோலத்தைக் கண்ட நான் தேளைக் கண்டதில்லை, பாருங்கள்! அவருக்குப் பத்து வயதில் குத்தியதாம். இப்போது எழுபத்தெட்டு. அறுவடை முடிந்த சமயம், ஊருக்கு வந்த குறத்தி திண்ணையில் உட்கார்ந்து, நாலைந்து தையல் ஊசிகளை நூலால் சேர்த்துக் கட்டி, குழந்தைக்குத் தாலாட்டுகிற மாதிரி பாடிக்கொண்டே குத்தினாளாம். கூலி ஒரு படி கேழ்வரகு.

"தேள் குத்தியிருந்தா தேள் கொட்டாதுன்னு சொன்னாங்க."

"கொட்டலையா ஆயா?" என்றாள் மகள்.

"மூணு வாட்டி கொட்டிச்சு. அது வேற கதை."

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1906-ல் தென்னிந்தியப் பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் குறவர் பெண்கள் பச்சை குத்துவதை விவரமாக எழுதியிருக்கிறார். தேள், பறவை, மீன், பூ, நாமம் எல்லாம் அவர்கள் வழக்கமாகக் குத்தும் உருவங்கள். மை தயாரிக்கும் விதமும் அதில் இருக்கிறது. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்து, துணியில் தடவி, திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்க்க வேண்டும். சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் அதுதான் மை. கண்மை கட்டுகிற பக்குவம்தான், இல்லையா? கூலி, ஒரு புள்ளிக்குக் காலணாவிலிருந்து பெரிய கோலத்துக்குப் பன்னிரண்டணா வரைக்கும்.

தேளுக்கே ஒரு தெய்வமும் உண்டு. கோலாரில் கோலாரம்மன் கோவிலில் சேளம்மா என்ற தேள் தெய்வத்தை, தேள்கடி வராமல் காக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். நம்பிக்கை இருக்கட்டும். ஆனால் குழந்தை வைத்திருக்கும் சகோதரிகள் ஒன்றை மறக்கக் கூடாது. செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்த்துக் கொட்டி, வாந்தி எடுத்து, கைகால் சில்லிட்டால் மந்திரிக்க நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். விஷம் இதயத்தைத் தாக்கும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்துகொண்டே டாக்டர் பவாஸ்கர் என்பவர் பிரசோசின் மாத்திரையால் இதைச் சமாளிக்கலாம் என்று 1980-களில் காட்டினார். எத்தனையோ உயிர்கள் அதனால் பிழைத்திருக்கின்றன.

சரி, பச்சைக்கு வருகிறேன். மாமியாரே கட்சி மாறிவிட்ட பிறகு நான் என்ன செய்வது? "யோசிக்கலாம்" என்றேன். அதுதான் தப்பு.

அந்த வருஷம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருந்தோம். இருளர் குடும்பங்கள் கடலோரத்தில் குடில் போட்டுத் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவதைப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. மகளுடைய கண்ணோ பச்சை குத்துகிற கடையின் மேல். ஒரு ஸ்டூல், பேட்டரியில் ஓடும் மிஷின், படம் ஒட்டிய அட்டை, முந்நூறு ரூபாய். அட்டையில் தேளும் இருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கு முடித்ததும், அந்த ஆள் ஊசியை அழுக்குத் துணியில் ஒரு துடைப்புத் துடைத்து, அதே மைக்குப்பியில் முக்கி, "அடுத்து யாரும்மா?" என்றார். மகள் கையை நீட்டியே விட்டாள். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

துடைத்தால் ரத்தம் போகலாம், கிருமி போகாது. ஹெபடைடிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடிருக்கும். ஒரே ஊசியால் பலருக்குக் குத்தினால் எய்ட்ஸ் கிருமியும் பரவலாம். ஒவ்வொருவருக்கும் கண் முன்னே உறை பிரித்த புது ஊசி, தனியாக ஊற்றிய மை, புதுக் கையுறை இருக்க வேண்டும். திரும்ப உபயோகிக்கும் சாமான்களை ஆட்டோகிளேவில் வேக வைத்திருக்க வேண்டும். அது வேறொன்றுமில்லை, நம் பிரஷர் குக்கரின் பெரியண்ணன். வெந்நீரில் அலசினேன் என்பதெல்லாம் சரிப்படாது. மாமியார் காலத்து ஊசிக்கும் இதே கணக்குதான். அவருக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு விஷயம் காத்திருந்தது. என் மருமகள் அப்போது மூன்று மாதம். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், சுலபத்தில் கிடைக்காது. பிரசவத்துக்கு ஆள் தயாராக இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கடவுள் செயல், என் மகளுக்கும் அதே வகை. பச்சை குத்திக்கொண்டால் பன்னிரண்டு மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. இதைச் சொன்னதும் மகள் முகம் மாறிவிட்டது. "கடற்கரையில நான் குத்தியிருந்தா?" என்று கேட்டாள். அவள் தேளைப் பற்றி அப்புறம் பல மாதம் பேசவே இல்லை. நான் சொல்லாமலே ஹெபடைடிஸ் தடுப்பூசி மூன்றும் போட்டுக்கொண்டாள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது.

(மருமகளுக்கும் ஆசை வந்தது. கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இடுப்பில் குத்திக்கொண்டால் பிரசவ சமயத்தில் முதுகில் மயக்க ஊசி போடுகிறவர் மை இல்லாத இடம் தேட வேண்டியிருக்குமாம்.)

ஆவணியில் பேரன் பிறந்தான். ரத்தம் தேவைப்படவில்லை. மகள் மார்கழியில் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, "இப்ப தேள்?" என்றாள். இனி மறுக்க எனக்கு வாய் ஏது?

இந்த முறை நானும் படம் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்று, நிழலோடு உயிர்த்தேள் மாதிரியே. பார்த்ததும் துடைப்பம் தேடத் தோன்றியது. இன்னொன்று சிவப்பும் மஞ்சளுமாக. மூன்றாவது, தலைமயிர் போல மெல்லிய கோட்டில், நாலணாக் காசளவு. மகளுக்கு அதுதான் பிடித்தது.

நான் மாமியார் கையைக் காட்டினேன். மை தோலுக்குள் வருஷக் கணக்கில் மெல்லப் பரவும். நெருக்கிப் புள்ளி வைத்து ஈர வாசலில் கோலம் போட்டால் என்ன ஆகும்? இழைகள் அப்பிக்கொள்ளும். காசளவு தேளுக்கு எட்டுக் கால் வைத்தால் பத்து வருஷத்தில் அது கம்பளிப்பூச்சி! குறத்தி போட்ட தேளிலோ தடித்த ஒற்றைக் கோடு, காலுக்குக் கால் இடைவெளி, வாலில் தனித்தனிப் புள்ளி. கண்ணாடி போடாமலே இன்றைக்கும் நான் கால்களை எண்ண முடிகிறது. நம் மாநிறத்துக்கும் கறுப்பிலும் கறுப்புக்கு எடுப்பது கரும் மைதான். மஞ்சளெல்லாம் மங்கிப் போகும். சிவப்பு மை சிலருக்கு அரிப்பு, தடிப்பு உண்டாக்கும். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் எந்த நிறத்துக்குமே யோசிக்க வேண்டும்.

பிடிக்காவிட்டால் லேசரில் அழிக்கலாமே என்பார்கள். பல தடவை போக வேண்டும், குத்திய செலவைப் போலப் பல மடங்கு ஆகும். கறுப்பாவது மங்கும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது.

ஆயாவின் தேளையே மெல்லிய தாளில் படியெடுத்தாள். இரண்டு இடுக்கி, பக்கத்துக்கு நாலு கால், வாலில் ஐந்து கணு, நுனியில் கொடுக்கு. (கடற்கரை அட்டைத் தேளுக்கு ஆறு கால்தான் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது!) அளவை மட்டும் மூன்று அங்குலமாகப் பெரிதாக்கினாள். சென்னையில் நல்ல இடமாக விசாரித்து நானும் கூடவே போனேன். ஊசி உறையைப் பிரிப்பதை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். மகளுக்கு மானம் போயிற்றாம்.

மூன்று வாரம் கிணற்றுக் குளியல் இல்லை, கடல் இல்லை. சாதா சோப்பும் தண்ணீரும் போட்டு மெல்லக் கழுவினாள். மாமியார் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். தடுத்துவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. பொருக்கை மட்டும் பிய்க்காதே என்று தினமும் கத்த வேண்டியிருந்தது.

நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளோடி குடுத்தே?"

"மூவாயிரத்தஞ்நூறு, ஆயா."

"அவ்வளோ வாங்கினாங்களே, பாட்டுப் பாடினாங்களா?"

"இல்ல."

"அப்ப வலிச்சிருக்குமே" என்று மாமியார் அவள் கையைத் தடவிக் கொடுத்தார்.