கல்லா, செடியா?

தூரத்தில் நின்று பார்த்தால் கூழாங்கல். குனிந்து பார்த்தால் செடி. தென் ஆப்பிரிக்காவின் வறண்ட வெளிகளில் பிறந்து, இன்று பல தேசத்து ஜன்னலோரங்களில் குடியேறியிருக்கும் 'லித்தாப்ஸ்' என்னும் சிறு செடியைத்தான் சொல்கிறோம்.

1811-ம் வருஷம் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர், பிரீஸ்கா என்னுமிடத்துக்கு அருகே விசித்திரமான ஒரு கல்லைக் கண்டு கையில் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது செடி என்று தெரிந்தது! 1922-ல் என். இ. பிரௌன் என்னும் தாவர சாஸ்திரி இவ்வினத்துக்கு லித்தாப்ஸ் என்று நாமகரணம் செய்தார். கல்லின் தோற்றமுடையது என்று பொருள்.

இச் செடிக்குத் தடித்த இலைகள் இரண்டே. நடுவில் ஒரு பிளவு. உயரம் சுமார் ஓர் அங்குலம். மண்ணில் புதைந்த உடலுக்குள், உச்சியிலுள்ள கண்ணாடி போன்ற பகுதி வழியே வெளிச்சம் இறங்குகிறது. வருஷத்துக்கு ஒரு முறை பிளவிலிருந்து புது ஜோடி இலை எழுகிறது. பழைய இலைகள் தம்மிடமுள்ள ஜலத்தையெல்லாம் இளையவற்றுக்குக் கொடுத்துவிட்டுக் காகிதம்போல் உலர்ந்துவிடுகின்றன.

வளர்க்கும் இரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. இலை மாறும் அச்சமயம் ஒரு சொட்டு ஜலமும் விடலாகாது. விட்டால் பழைய இலை உலராது, செடி அழுகிப்போகும். துளசி மாடத்துக்குத் தினந்தோறும் ஜலம் வார்த்துப் பழகிய கை சும்மா இருக்குமா? இச் செடி வாடி மடிவதைவிட, அன்பு மிகுதியால் அழுகி மடிவதே அதிகம்.

அடியில் துவாரமுள்ள, மூன்று நான்கு அங்குல ஆழமான தொட்டி வேண்டும். கரடுமுரடான மணலும் பொடிக் கல்லும் பெரும்பங்கு. எருமண் சிறு பங்கு போதும். தினம் நாலைந்து மணி நேரமாவது காலை வெயில் படட்டும். வளரும் பருவத்தில் இலையில் சுருக்கம் கண்டபின் மண் முழுதும் நனைய ஜலம் விட்டு, அது நன்றாகக் காயும்வரை மறந்துவிட வேண்டும். கடுங்கோடையில் செடி உறங்கும், எழுப்ப வேண்டாம். இலை நீண்டு நெட்டையானால் வெளிச்சம் போதவில்லை. பக்கவாட்டில் வெடித்தால் ஜலம் மிஞ்சிவிட்டது. உலர்ந்த தோலைப் பிய்க்காதீர்கள், தானே கழலும்.

வாங்குவோருக்கு இன்னொன்று. இத்தகைய செடிகளைத் தென் ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து கள்ளத்தனமாகப் பெயர்த்து விற்கும் கூட்டம் உண்டு. பல்லாண்டு நின்ற செடி ஒரு நொடியில் மண்ணை இழக்கிறது. ஆகவே விதையிலிருந்து வளர்த்தது என்று உறுதி சொல்பவரிடமே வாங்குவோம்.

விதையிட்டால் மலர சுமார் மூன்று வருஷம் செல்லும். பிறகு ஒரு பிற்பகலில் அந்தப் பிளவிலிருந்து மஞ்சளாகவோ வெள்ளையாகவோ, செடியையே மூடும் மலர் ஒன்று விரியும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. இங்கே பொறுத்தார் பூவைக் காண்பார்.