வளர்ப்பு அக்சலோட்டல்களின் உணவு

அக்சலோட்டல் என்பது மெக்சிக்கோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட, வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழும் ஒரு வகை சலமாண்டர் ஆகும். இதன் அறிவியல் பெயர் அம்பிசுடோமா மெக்சிக்கானம். தவளையைப் போல இதுவும் இருவாழ்வி வகுப்பைச் சேர்ந்தது. எனினும் இது உருமாற்றம் அடையாமல், இளம் பருவத்துக்குரிய வெளிச்செவுள்களுடனேயே முதிர்ச்சி அடைந்து இனப்பெருக்கம் செய்கிறது. காட்டு நிலையில் சோச்சிமில்கோ ஏரிப் பகுதியில் மட்டும் எஞ்சியுள்ள இவ்வினம் மிக அருகிவிட்டது. வளர்ப்பு விலங்காக இது பல நாடுகளில் பரவியுள்ளது. சென்னை போன்ற வெப்பமான கடற்கரை நகரில் இதனை வளர்ப்போர் உணவின் வகை, உணவு கிடைத்த இடம், நீரின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் சேர்த்தே கருத வேண்டியுள்ளது.

உண்ணும் முறை

அக்சலோட்டல் ஓர் ஊனுண்ணி. இயற்கையில் புழுக்கள், பூச்சிகளின் இளம் உயிரிகள், நத்தைகள், ஓட்டுடலிகள், சிறு மீன்கள் ஆகியவற்றை உண்கிறது. இதன் கண்பார்வை கூர்மையற்றது. மணத்தைக் கொண்டும் நீரின் அசைவைக் கொண்டும் இரையை அறிகிறது. இரை அருகில் வந்தவுடன் வாயைத் திடீரெனத் திறக்க, நீரோடு சேர்ந்து இரையும் உள்ளே உறிஞ்சப்படுகிறது. இதன் பற்கள் மிகச் சிறியவை. இரையைப் பிடித்துக்கொள்ள உதவுமேயன்றி மெல்ல உதவா. எனவே உணவு மென்மையாகவும், வாயின் அகலத்துக்குள் அடங்குவதாகவும் இருத்தல் வேண்டும். தொட்டியின் அடியில் சிறு கற்கள் இருப்பின் அவையும் இரையுடன் விழுங்கப்பட்டுக் குடலை அடைத்துவிடக்கூடும்.

வளர்ச்சிக் கட்டங்கள்

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் முதல் இரண்டு அல்லது மூன்று நாட்கள் உடலிலுள்ள கருவுணவைக் கொண்டு வாழ்கின்றன. அதன்பின் அசையும் உயிருணவு தேவைப்படுகிறது. புதிதாகப் பொரித்த ஆர்டீமியா எனும் உப்புநீர் இறாலின் குஞ்சுகள் இதற்கு ஏற்றவை. லிட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கிராம் உப்பு கலந்த நீரில், காற்றுக் குமிழிகளும் வெளிச்சமும் கிடைத்தால், சென்னையின் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் இவை பொரிந்துவிடும். அக்சலோட்டல் நன்னீர் உயிரி ஆதலால், இவற்றை நன்னீரில் அலசிய பின்னரே இடவேண்டும். சற்று வளர்ந்த குஞ்சுகளுக்கு நீர்த்தெள்ளுகள் இடப்படுகின்றன. பசித்த குஞ்சுகள் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துவிடும் இயல்புடையவை. எனவே இவற்றுக்கு நாள்தோறும் உணவு தேவை.

ஏறத்தாழ 5 செ.மீ. நீளம் அடைந்த பின் நறுக்கிய மண்புழுவும், நீரில் மூழ்கும் குருணைத் தீவனமும் கொடுக்கலாம். முழு வளர்ச்சி பெற்றவற்றுக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை உணவு போதுமானது. வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒத்திருப்பது சரியான உணவளவின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

மண்புழு

புரதம் மிகுந்ததும் மென்மையானதுமான மண்புழுவே முதிர்ந்த அக்சலோட்டலுக்குச் சிறந்த முதன்மை உணவாகக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் மண்புழு உரம் தயாரிக்க ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலசு யூஜீனியே ஆகிய இரு இனங்களும் பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் முதலாவது, தொந்தரவுக்குள்ளானால் கசப்பான நீர்மத்தைச் சுரப்பதால், அக்சலோட்டல்கள் பெரும்பாலும் அதனை உமிழ்ந்துவிடுகின்றன. ஆப்பிரிக்க மண்புழு எனப்படும் இரண்டாவது, அளவில் பெரியது. நறுக்கி இடுவதற்கு ஏற்றது.

தவிர்க்க வேண்டியவை

தங்கமீன் முதலான இரை மீன்கள் ஒட்டுண்ணிகளைக் கொண்டு வரலாம். மேலும் தங்கமீனின் உடலில் தயமினேசு என்னும் நொதி உள்ளது. இதனைத் தொடர்ந்து உண்டால் உயிர்ச்சத்து பி1 குறைபாடு ஏற்படும். ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி ஆகியவற்றின் கொழுப்பு இவ்வுயிரிக்கு எளிதில் செரிக்காது. இரத்தப்புழு எனப்படும் கொசுவினப் பூச்சியின் இளம் உயிரியை இடைக்கிடையே கொடுக்கலாம். அது மட்டுமே முழு உணவாகாது.

எண்ணூர்ச் சூழலில் உணவின் மூலம்

வடசென்னையிலுள்ள கொளத்தூர் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடமாகும். மீன் வளர்ப்போர் பரவலாகப் பயன்படுத்தும் உயிருணவு டியூபிபெக்சு என்னும் மெல்லிய செந்நிறப் புழுவாகும். இது கழிவுநீர் தேங்கும் கால்வாய்களின் சேற்றில் தலையைப் புதைத்து வாழ்கிறது. இதன் குருதியில் ஈமோகுளோபின் இருப்பதால், உயிர்வளி மிகக் குறைந்த நீரிலும் இது செழித்து வளரும். எனவே புழு உயிரோடும் சிவப்பாகவும் இருப்பது, அது எடுக்கப்பட்ட நீர் தூயது என்பதற்குச் சான்றாகாது.

எண்ணூரில் இவ்வேறுபாடு முக்கியமானது. கொசத்தலை ஆறு கடலை அடையும் எண்ணூர் கழிமுகத்தில், அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல் குழாய்க் கசிவுகள் வழியாகப் பல ஆண்டுகள் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்சாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் இங்கு பரவியது. சாம்பலிலும் தொழிற்சாலைக் கழிவிலும் உள்ள கன உலோகங்கள் சேற்றில் தங்குகின்றன. சேற்றை உண்ணும் புழுக்களின் உடலிலும் சேர்கின்றன. ஓடும் நீரில் புழுவைக் கழுவுவதால் மேற்புற அழுக்கு நீங்கும். திசுக்களில் சேர்ந்த உலோகம் நீங்காது. தொழிற்சாலைகள், நெடுஞ்சாலைகள் ஆகியவற்றின் ஓரத்து மண்ணில் தோண்டிய மண்புழுக்களும் ஈயம், காட்மியம் ஆகியவற்றைக் கொண்டிருக்கலாம். அக்சலோட்டல் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது; அதனால் ஒவ்வொரு வேளையும் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சும் பொருட்படுத்தத்தக்கதே.

இப்பகுதியில் வளர்ப்போருக்குப் பாதுகாப்பான வழி, வீட்டிலேயே ஒரு மூடிய தொட்டியில் மண்புழு வளர்ப்பதாகும். தென்னை நார்த்தூள், காய்கறித் தோல் ஆகியவை இதற்குப் போதும். குடற்புழு மருந்து கொடுக்கப்பட்ட மாட்டின் சாணத்தைத் தவிர்க்க வேண்டும். உணவாக இடுவதற்கு முன் புழுக்களை ஈரமான தூய தாளில் ஒரு நாள் வைத்தால், குடலிலுள்ள மண் வெளியேறிவிடும்.

வெப்பநிலையும் உணவும்

அக்சலோட்டலுக்கு ஏற்ற நீர் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியசு ஆகும். 24 பாகைக்கு மேல் அது துன்புறத் தொடங்கி, உணவை மறுக்கும். சென்னையில் கோடையின் அறை வெப்பநிலை 30 பாகையைக் கடந்துவிடும். மின்விசிறி நீரை ஆவியாக்கியே குளிர்விக்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் அதன் பயன் குறைவு. எனவே நீர் குளிர்விப்பான் இன்றியமையாதது. மின்தடையால் நீர் சூடேறிய நாட்களில் உணவை நிறுத்திவைப்பதே நன்று. முதிர்ந்த விலங்கு சில நாட்கள் உணவின்றித் தாங்கும். ஆனால் உண்ணாமல் விட்ட புழு வெந்நிலை நீரில் விரைவில் அழுகி அம்மோனியாவை உண்டாக்கும். அம்மோனியா மென்மையான செவுள்களைப் புண்ணாக்குகிறது. ஆகையால் எஞ்சிய உணவை அன்றே அகற்றுவதும் உணவூட்டலின் ஒரு பகுதியே ஆகும்.