பழைய எரிவாயு அடுப்பு: எதைப் பழையதாக வாங்கலாம்?

நகரங்களில் வாடகை வீட்டுக்குக் குடிவரும் இளம் குடும்பங்களின் சமையலறையில் முதலில் இடம்பிடிப்பது பெரும்பாலும் மின்தூண்டல் அடுப்புதான். நாம் பேச்சில் 'இண்டக்ஷன்' என்கிறோம். எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும், வைப்புத்தொகை வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். மின் அடுப்புக்கோ சுவரில் ஒரு பிளக் இருந்தால் போதும். பிள்ளைகள் வந்து, சமையல் பெருகி, மின்கட்டணமும் ஏறிய பிறகு எரிவாயுவுக்கு மாறும் எண்ணம் வருகிறது. சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் பணம் கட்டிய கையோடு, அடுப்பிலாவது மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய அடுப்பைத் தேடுகிறார்கள்.

அண்மையில் எங்கள் வீட்டிலும் இந்த மாற்றம் நிகழ்ந்தது. காயலான் கடையில் மூன்று அடுப்புகளையும், குழாய்வழி எரிவாயுவுக்கு மாறிய ஒரு வீட்டில் ஓர் அடுப்பையும் பார்த்துவிட்டு, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். அடுப்பு பழையதாக இருப்பதில் தவறில்லை. இரும்பும் பித்தளையும் பல்லாண்டு உழைக்கும். ஆனால், எந்தப் பாகம் பழையதாக இருக்கலாம், எது கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும் என்ற பாகுபாடு தெரியாமல் வாங்குவதில்தான் ஆபத்து இருக்கிறது.

முதலில், மாற்றம் உண்மையில் இலாபமா என்று கணக்கிட வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயுவின் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்கு ஈடானது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் அளவு ஆற்றல் இருக்கிறது. இது முழுவதும் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. வீட்டு எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4246, குறைந்தது 68 விழுக்காடு வெப்பத்திறன் வேண்டும் என்கிறது. அந்த அளவில் ஒரு சிலிண்டரிலிருந்து பாத்திரத்துக்குக் கிடைப்பது சுமார் 123 யூனிட். மின்தூண்டல் அடுப்பின் திறனை 85 விழுக்காடு என்று கொண்டால், அதே சமையலுக்கு ஏறத்தாழ 145 யூனிட் மின்சாரம் செலவாகும்.

ஆகவே, சிலிண்டரின் விலையை 145ஆல் வகுத்துப் பாருங்கள். சிலிண்டர் 870 ரூபாய் என்றால் விடை 6 ரூபாய். உங்கள் மின்கட்டணப் பட்டியலில் கடைசிப் படியில் உள்ள யூனிட்டின் விலை இதைவிட அதிகமானால் எரிவாயு இலாபம். குறைவானால் மின் அடுப்பே இலாபம். கடைசிப் படியை ஏன் பார்க்க வேண்டும் என்றால், மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் வசூலிக்கப்படுகிறது. விளக்கும் மின்விசிறியும் எப்படியும் ஓடும். அவற்றுக்கு மேல் மின் அடுப்பு சேர்க்கும் யூனிட்டுகள்தாம் உச்சப் படியில் போய் உட்காருகின்றன.

இந்தக் கணக்கில் அடுப்பின் நிலையும் அடங்கியிருக்கிறது. பராமரிப்பின்றித் தேய்ந்த அடுப்பின் திறன் 68இலிருந்து 55 விழுக்காடாக இறங்கிவிட்டது என்று கொள்வோம். அப்போது ஐந்து சிலிண்டர்களில் ஏறத்தாழ ஒன்று வீணாகப் போகிறது. முந்நூறு ரூபாய் மலிவாகக் கிடைத்த அடுப்பு, அந்த மிச்சத்தை ஓராண்டுக்குள்ளாகவே விழுங்கிவிடும்.

அடுப்பைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4246 என்ற எண்ணும். ஒட்டிய தாள் கிழிந்திருக்கலாம்; உடலில் பொறித்த தகடு இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முத்திரையே இல்லாத அடுப்பு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து, அது எந்த வாயுவுக்கான அடுப்பு என்று கேட்க வேண்டும். சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவ வாயு. குழாய்வழி வருவது பெரும்பாலும் மீத்தேன். ஒரே கன அளவில் மீத்தேனின் வெப்பம் மிகக் குறைவு என்பதால், குழாய் எரிவாயு அடுப்பின் ஜெட் துளை பெரிதாக இருக்கும். அப்படி மாற்றிய அடுப்பைச் சிலிண்டரில் பொருத்தினால் அளவுக்கு மீறிய வாயு பாயும். சுடர் உயர்ந்து மஞ்சளாக எரியும், பாத்திரம் கரியாகும், நச்சுத்தன்மை கொண்ட கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். குழாய்வழி எரிவாயு தமிழக நகரங்களில் பரவிவரும் காலம் இது. ஜெட் மாற்றிய அடுப்புகளும் பழைய சந்தைக்கு வரத்தான் செய்யும். நாங்கள் பார்த்த நான்காவது அடுப்பு அப்படிப்பட்டதுதான். அதன் உடலும் பித்தளைப் பர்னர்களும் மற்ற மூன்றைவிடச் சிறப்பாக இருந்தமையால் அதையே வாங்கினோம். பழுதுபார்ப்பவரிடம் சிலிண்டர் வாயுவுக்கு உரிய ஜெட்டுகளைப் போடச் சொன்ன பிறகே அடுப்பை மூட்டினோம்.

மூன்றாவது பர்னர். மூடியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் ஆடாமல் அமர வேண்டும். விளிம்பு அரித்திருந்தாலோ, மூடி வளைந்திருந்தாலோ சுடர் ஒரு பக்கம் பாயும். சில வேளைகளில் பட்டென்ற ஓசையுடன் பர்னருக்கு உள்ளேயே எரியத் தொடங்கும். அடுப்பின் அடியில், வாயுவும் காற்றும் கலக்கும் குழாயையும் பார்க்க வேண்டும். நெடுநாள் சும்மா கிடந்த அடுப்பில் சிலந்தி வலையும் பூச்சிக்கூடும் அங்கேதான் அடைத்துக்கொள்ளும். பற்றவைத்துப் பார்க்காமல் எந்த அடுப்பையும் வாங்கக் கூடாது. சுடர் நீலமாக, ஒரே உயரத்தில், மூடியை ஒட்டி எரிய வேண்டும்.

நான்காவது, திருகுக்குப் பின்னுள்ள வால்வு. அதன் உள்ளே பூசிய கிரீஸ் காலப்போக்கில் காய்ந்துவிடும். திருகு கரகரவென்று சுற்றினாலும், பிடிப்பே இல்லாமல் வழுக்கினாலும் வாயு கசிய வாய்ப்பு உண்டு. இது பழுதுபார்ப்பவர் சிறு செலவில் சரிசெய்யக்கூடிய குறைதான்; ஆனால், சரிசெய்த பின்பே வீட்டுக்குள் வர வேண்டும். கண்ணாடி மேற்பரப்புள்ள பழைய அடுப்புகளில் கீறலோ, ஓரத்தில் சில்லு பெயர்ந்த அடையாளமோ தெரிந்தால் விட்டுவிடுவதே நல்லது. கடினமாக்கிய கண்ணாடியில் அத்தகைய காயம் இருந்தால், சூட்டில் அது திடீரெனச் சிதறக்கூடும்.

ஐந்தாவது பொருளை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்கக் கூடாது. அது ரப்பர் டியூப். பழைய அடுப்போடு இலவசமாகத் தருகிறேன் என்பார்கள், மறுத்துவிட வேண்டும். உள்ளே எஃகுக் கம்பி வலை கொண்ட, ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப்பை முகவரிடம் புதிதாக வாங்க வேண்டும். அதையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது, இணைப்புப் போட்டு நீட்டவும் கூடாது, பர்னருக்குப் பின்புறமாகச் சூட்டில் செல்லவும் கூடாது.

மின் அடுப்பிலேயே பழகியவர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். மின்தூண்டல் அடுப்பில் பாத்திரத்தை எடுத்தால் அதுவே நின்றுவிடும். எரிவாயு அடுப்புக்கு அந்த அறிவு இல்லை. பால் பொங்கிச் சுடரை அணைத்தாலும் வாயு வந்துகொண்டேயிருக்கும். சுடர் அணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் கருவி நம் நாட்டின் சாதாரண அடுப்புகளில் கிடையாது.

அப்படிக் கசியும் வாயு காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனமானது. மேலெழுந்து சன்னல் வழியே போய்விடாமல், தரையில் படர்ந்து, மேடைக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. இயல்பாக வாசனையற்ற அந்த வாயுவுக்கு எத்தில் மெர்கேப்டன் என்னும் நெடிப்பொருள் சேர்ப்பதே நமக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்றுதான். நெடி வந்தால் விளக்கையோ, புகைபோக்கி விசிறியையோ போடவும் கூடாது, ஏற்கெனவே ஓடுவதை நிறுத்தவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதற்குத் தீக்குச்சி வேண்டாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

எரிவாயு எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகும். மூச்சுக்கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அது நல்லதல்ல. மின் அடுப்பில் இத்தொல்லை இல்லை. சன்னலே இல்லாத சமையலறையானால், கணக்கில் எரிவாயு இலாபமாகத் தெரிந்தாலும் மின் அடுப்பிலேயே தொடர்வதுதான் அறிவுடைமை.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் கவலை. புதிய அடுப்புக்குத் தரநிலை இருக்கிறது, முத்திரை இருக்கிறது. அதே அடுப்பு கைமாறும்போது அதைச் சோதித்துச் சான்று தருவோர் யாரும் இல்லை. கைமாறிய அடுப்பை நாடுவோரில் பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், குறைந்த வருவாய்க் குடும்பங்கள். பாதுகாப்பு மிகுதியாகத் தேவைப்படும் இடத்தில் அது கிடைப்பதில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. அடுப்பை முகவரிடமே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் நுகர்வோருக்கு இல்லை. வீட்டு இணைப்புகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கும் நடைமுறை எண்ணெய் நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே பணியாளர்கள், முகவர் அலுவலகத்துக்குக் கொண்டுவரும் பழைய அடுப்பையும் சிறு கட்டணத்தில் சோதித்து, நாள் குறித்த வில்லை ஒட்டித் தரலாம். தெருத்தெருவாகச் சென்று அடுப்பு பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் வழியாகக் குறுகிய பயிற்சியும் அடையாள அட்டையும் தரலாம். அவர்கள் கைபடாத பழைய அடுப்பு ஊரில் இல்லை.

எங்களுக்கு அடுப்பு, ஜெட், வால்வுப் பழுது, புதிய டியூப் எல்லாம் சேர்ந்து ஆன செலவு, அதேபோன்ற புதிய அடுப்பின் விலையில் பாதிதான். அந்த மிச்சம் நியாயமானது. ஆனால், டியூப்பிலும் வால்விலும் மிச்சம் பிடிக்க முயன்றால் அது மிச்சமாகாது. மின் அடுப்பையும் விற்றுவிடாமல் மேடை ஓரத்தில் வைத்திருக்கிறோம். அடுத்த சிலிண்டர் வரத் தாமதமாகும் நாளில் அது உதவும்.